இலவச மருந்து

"ஏழைச் சனத்துக்குப் போற மருந்தைக் களவெடுக்க உமக்கு வெக்கமில்லையோ?"

சவுந்தரநாயகத்தின் குரல் கண்ணாடிக் கதவையும் தாண்டிக் கேட்டது. கொள்ளுப்பிட்டியில் இருக்கும் அந்த மருந்துக் கம்பனியின் முதலாளி அவர்.

எதிரே நின்ற கொன்ஸ்ரன்ஸ் தலை குனியவில்லை. மேசையில் அவளுடைய பை. பைக்குள் ஜெல் தாள் பெட்டிகள்.

காட்டிக்கொடுத்தது ரஜனிதான். இருவருக்கும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை. கொன்ஸ்ரன்ஸ் பெட்டிகளைப் பைக்குள் திணித்ததைக் கண்டதும் ரஜனிக்கு வயிறு எரிந்தது. விற்கத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தாள். வெள்ளவத்தைப் பாமசிகளில் நல்ல விலை போகுமே!

சீனி வருத்தக்காரரின் ஆறாத புண்ணில் வைக்கிற தாள் அது. புதுத் தசை அதைப் பிடித்துக்கொண்டு வளரும். உள்ளே இருக்கும் மருந்து கிழமைக்கணக்காகக் கொஞ்சங்கொஞ்சமாய்க் கசியும். நாளைக்குக் கொட்டாஞ்சேனையில் இந்தத் தாள்களை ஏழைகளுக்குக் கொடுக்கும் இலவச மருத்துவ முகாம். பத்திரிகைக்காரரும் வருகிறார்கள்.

"ஓம், எடுத்தனான்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "எரிக்கத்தான் எடுத்தனான்."

"என்னது?"

"இந்த மாதம் செய்தது பிழைச்சுப்போச்சு, சேர். வைச்ச அண்டைக்கே முழு மருந்தையும் கக்குது. வளர்ற தசை வெந்துபோகும். எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் கேக்கேல்லை."

"களவும் எடுத்துப்போட்டுக் கதையும் அளக்கிறீரோ? ஒரு பிளாஸ்ரர் வாங்கவே வழியில்லாத சனம். அதுகளுக்குக் கிடைக்கிறதையும் பறிக்கிறீர். பொலிசைக் கூப்பிடட்டோ?"

"கூப்பிடுங்கோ. அவையளுக்கு முன்னாலயும் இதைத்தான் சொல்லுவன்."

சவுந்தரநாயகம் கதவோரம் நின்ற ரஜனியின் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே கண்டனீர்? பொலிசுக்கும் சொல்லும். அதோட, இந்தத் தாளில ஒரு பிழையும் இல்லை எண்டும் சொல்லும்."

ரஜனி வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கொன்ஸ்ரன்சை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

வேலை போனால் போகட்டும்.

"சொல்லமாட்டன், சேர்," என்றாள்.

"ஏன்?"

"உங்கட அம்மான்ர கால் புண்ணுக்கு முந்தநாள் என்னட்டத் தாள் கேட்டனீங்கள். 'போன மாதம் செய்ததில பார்த்துத் தாரும், புதுசு மட்டும் வேண்டாம்' எண்டு ஏன் சேர் சொன்னனீங்கள்?"