மஞ்சள் போட்டுக் கழுவிய கறி

இறந்துபோன மகனுக்குப் படைப்பதற்காகக் கோமளா கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பையன், போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பரிசோதனை முடிவோடு வந்திருந்த சுகாதார ஆய்வாளர் தேன்மொழி சமையலறை வாசலிலேயே நின்றாள். பையனை வயிற்றுப்போக்கில் கொண்டுபோன கிருமி, அவன் படுக்கையில் விழுவதற்கு முன் வாங்கிய கறியில் இருந்திருக்கிறது என்பதை எப்படியோ சொல்லி முடித்துவிட்டாள். "எனக்கு அப்பவே தெரியும் மேடம். அதான் கடைய மாத்திட்டேன்" என்று கோமளா குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். மஞ்சள் தண்ணீர் மேடையெங்கும் தெறித்தது. "ஒண்ணுதான் புரியல. கொழம்ப நாங்க எல்லாரும் சாப்ட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவன் அன்னிக்கு கறிய வாயிலயே வைக்கல. பால் மட்டுந்தான் குடிச்சான். அவனுக்கு எப்படி வந்துச்சு?" தேன்மொழிக்கும் அதுதான் விளங்கவில்லை. அப்போது சின்னவள் காலி டம்ளரோடு தத்தித் தத்தி உள்ளே வந்தாள். மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது. கோமளா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அதே முந்தானையை விரலில் சுற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். "ஐயோ, வேணாம்மா!" என்று தேன்மொழி கத்திவிட்டாள். விரல் பாதியில் நின்றது. "ஏன் மேடம்? அவனுக்கும் இப்படித்தான் தொடச்சுவிடுவேன்" என்றாள் கோமளா. சொல்லி முடித்த பிறகு அவள் வாய் மூடவில்லை. முந்தானை நுனியிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது. குழந்தை மட்டும், வழக்கம்போல, உதட்டைக் குவித்து முகத்தை நீட்டிக்கொண்டே நின்றது.