மருந்துக்கும் ஸ்பின் இல்லை

மேசைப்பந்து மட்டைக்கு மாதம் ஒரு புது றப்பர் ஒட்டுவதும், அதைக் காறித் துப்புவதும்தான் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஞானசேகரம் அங்கிளின் இப்போதைய உத்தியோகம்.

அன்றும் கொக்குவில் கிளப்பில் என்னோடு ஆடினார். பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார். அவர் சுழற்றி அடித்த பந்தெல்லாம் வழுக்கிப்போய் வலையில் விழுந்தது.

"சீ! ஜேர்மன் றப்பராம். மருந்துக்கும் ஸ்பின் இல்லை!" மட்டையிலிருந்து அதைக் கழற்றி என்னிடம் எறிந்தார். "இந்தா பிரசாந்தி, இதையும் நீயே வைச்சிரு. நல்ல சாமான் வாங்க வழியில்லாத ஆக்களுக்கு உது காணும்."

"ஓம் அங்கிள்."

அப்போதுதான் என் மட்டையை உற்றுப் பார்த்தார். "உது நான் போன மாதம் எறிஞ்ச யப்பான் றப்பரெல்லே? உதிலை உனக்கு மட்டும் எப்பிடிப் பந்து சுழலுது?"

"பழகிப்போச்சு அங்கிள்."

"அதுதானே! குப்பையிலை பழகின கைக்குக் குப்பைதான் சரிவரும்."

"அடுத்த மாதம் எந்த றப்பர் அங்கிள்?"

"சுவீடன்."

பணிவாகத் தலையாட்டினேன்.

அவர் காரில் ஏறினார். வாங்கி இரண்டு வருடமாகியும் கழற்றாத சீற் பொலித்தீன் அவருக்குக் கீழே சரசரத்தது.

கார் ஒழுங்கை திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஜேர்மன் றப்பரின் விளிம்பில் நகத்தை விட்டு, அதன் முகத்தில் கடையிலிருந்து வந்தபடியே ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடித் தாளை உரித்து எடுத்தேன், யப்பான் றப்பரில் உரித்ததைப் போலவே.