முழங்கால் உயரம்

"முழங்காலுக்கு மேல வளந்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிடணும்" என்றார் மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஜெபமணி. பொமரேனியனுக்கும் தெருநாய்க்கும் பிறந்த பட்டன் அப்போது என் உள்ளங்கையில் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும்போதெல்லாம் அதைத் தன் காலோடு ஒட்டி நிறுத்தி அளப்பார். காது விறைத்தது, வால் அடர்ந்து சுருண்டது, உயரம் மட்டும் முழங்காலுக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிட்டது. அளப்பது நிற்கவில்லை.

பட்டனுக்கு மூக்கோரம் நரைத்தபோது ஜெபமணி அம்மாவால் படி இறங்க முடியாமல் போனது. இன்று பட்டனே மூச்சிரைக்க மாடியேறிப் போய், நாற்காலியில் இருந்தவரின் முழங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டது. நான் பதறிப்போய் இழுத்தேன்.

அம்மா அதன் தலையில் கையை வைத்தார்.

"விடும்மா, இன்னும் அளந்து முடிக்கல."