அமெரிக்கா ஃபிரேம்

"நம்பர் இல்லையே. எவனோ தேச்சு எடுத்துட்டான் போல," என்றார் ஓஸ்வால்ட், சைக்கிள் ஃபிரேமைக் கவிழ்த்துப் பார்த்தபடி. "எங்க புடிச்ச எல்லம்மா?"

"எங்கயோ. எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு சொல்லுங்க சார். தொட்டுப் பாத்தே ஜாதகம் சொல்வீங்கன்னு அடுகோடி ஏரியாவே பேசுது."

அவள் வந்தது அதற்கு மட்டும் அல்ல. புதிதாக வந்த ரிசார்ட் ஒன்று, அகல டயரும் வளைந்த பைப்புமாகப் பழைய காலத்து க்ரூசர் சைக்கிள்கள் செய்துதரச் சொல்லி அவரிடம் கேட்டிருந்தது. வளைந்த பைப்பைப் பற்றவைக்க வெல்டர் இல்லாமல் ஓஸ்வால்டின் பட்டறை முடங்கிக் கிடந்தது. வந்த வெல்டர்களின் ஜாயிண்ட் எல்லாம் அவர் சுத்தியலின் ஓர் அடிக்கே விட்டுப்போயின. அந்த வேலை தன் வீட்டுக்கு வேண்டும் என்று எல்லம்மா நீலசந்திராவிலிருந்து மறுபடியும் நடந்து வந்திருந்தாள். போன முறை வாசலோடு அனுப்பிவிட்டார்.

"உன் வீட்டுக்காரன் முனியப்பனுக்குத்தான் கண்ணு மங்கிடுச்சாமே. அப்புறம் எப்படிம்மா?"

"அவர் பேர்ல இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் இன்னும் போய்க்கினுதானே இருக்கு? அதை விடுங்க. ஃபிரேமைப் பாருங்க."

ஓஸ்வால்ட் ஜாயிண்டைக் கட்டைவிரலால் தடவினார். அவள் கையையும் பார்த்தார்.

"இதென்ன புள்ளி புள்ளியா சுட்டுக்கினுருக்க? பஜ்ஜிக் கடை போட்டியா?"

எல்லம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"ஹெர்குலிஸ் இல்ல. ராலேயும் இல்ல. இங்கிலீஷ்காரன் மூட்டுக்கு மூட்டு உறை போட்டுத்தான் சேர்ப்பான். இதுல உறையே இல்ல. பித்தளை வழவழன்னு ஓடியிருக்கு. அமெரிக்கா. யுத்தத்துக்கு வந்த சோல்ஜர் எவனோ கண்டோன்மெண்ட்ல விட்டுட்டுப் போனது. அம்பது வருஷத்துக்குக் கொறையாது."

"தப்பா இருந்தா?"

"நானாவது, தப்பா சொல்றதாவது."

"எதுக்கும் உங்க சுத்தியலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

ஓர் அடி போட்டார். பிறகு இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டார். பெயிண்ட் உதிர்ந்தது. சுத்தியல் துள்ளித் திரும்பியது. ஜாயிண்ட் அசையவில்லை.

"இந்தக் கை ஒண்ணு கெடைச்சா போதும்மா. இன்னைக்கே வெல்டிங் டார்ச்சைக் குடுத்துடுவேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

"பைப்பு பழசுதான் சார். மிலிட்டரி ஆஸ்பத்திரிக் கட்டிலு, குஜிரில, பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கினது. ஃபிரேம் போன வாரம் எங்க வீட்டுப் பின்னால செஞ்சது. துரு உப்புத் தண்ணியில வந்தது."

ஓஸ்வால்ட் ஃபிரேமையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துச் சிரித்தார்.

"திருட்டுப் பய முனியப்பன். கண்ணு மங்கினவன் செய்யுற வேலையா இது? எவனோ பொறாமையில கிளப்பிவிட்ட பேச்சு. நாளைக்கு வரச் சொல்லு."

"கண்ணு மங்கினது நெஜம்தான் சார். ரெண்டு வருஷம் ஆச்சு."

எல்லம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஆணியில் தொங்கிய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டார்ச்சுக்குக் கை நீட்டினாள்.

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கேன்னுதானே சத்தியம் பண்ணீங்க."