ஜோடிக் கட்டணம்

"இந்த சீட்டுல யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்."

"ஆளைக் காணோமே?"

"முகம் கழுவப் போயிருக்கார், தம்பி."

டிக்கெட் பரிசோதகருக்குச் சிரிப்பு வந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'கறார்'. அவரிடமேவா காது குத்துவது?

பழைய தலைநகரத்துக்குப் போகும் அந்த ரயிலில் புதிதாக ஒரு சலுகை. கோட்டையும் அரண்மனையும் பார்க்கப் போகிற, அறுபது தாண்டிய கணவன் மனைவிக்கென்று ஒரு தனிப் பெட்டி. ஒற்றை ஆளாகப் போனால் ஆகும் கட்டணத்தில் பாதிதான், இரண்டு பேருக்கும் சேர்த்து. ஒரே நிபந்தனை, இருவரும் பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியதுதான்.

"சரி, வரட்டும்" என்று அடுத்த வரிசைக்குப் போனார்.

அங்கே ஒரு பெரியவர். பக்கத்து இருக்கையில் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது.

"அம்மா எங்க?"

"தண்ணி பிடிக்கப் போயிருக்கா."

அதற்கடுத்து ஓர் அம்மாள், ஆளில்லாத இருக்கையில் வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் கதவோரம் காற்று வாங்குகிறாராம். எதிரே ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு கரண்டி வைத்துக் காத்திருந்தார்.

கறார் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பட்டப்பகல், மணி பத்து. கண்ணுக்கெட்டிய வரை வரிசைக்கு ஒரே ஆள், பக்கத்தில் ஒரு காலி இருக்கை. பேச்சு மூச்சு இல்லை. ஆனால் அத்தனை பேர் உதடும் லேசாக அசைந்துகொண்டிருந்தது, பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து.

அவருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. விடுவிடுவென்று போய்க் கழிவறைகளைப் பார்த்தார். கதவுகள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே ஈ காக்காய் இல்லை. குழாயடியிலும் இல்லை, கதவோரமும் இல்லை.

திரும்பி வரும்போது பயம் கோபமாகியிருந்தது. ஆள் இருப்பதாகப் பொய்யாக டிக் போட்டு மேலதிகாரியிடம் மாட்டினால் போவது அவர் வேலையல்லவா?

"எல்லாரும் கேளுங்க. வயசுக்கு மரியாதை குடுத்துதான் பேசறேன். ஜோடி இல்லாம ஜோடி டிக்கெட்ல வர்றது திருட்டு. அடுத்த ஸ்டேஷன்ல அத்தனை பேரும் இறங்கணும்."

முதலில் பார்த்த அம்மாள் எழுந்து பின்னாலேயே வந்தார். "தம்பி, முழு டிக்கெட்டுக்கு வழியில்லப்பா. ரிடையர் ஆனதும் ரெண்டு பேரும் போய்ப் பார்க்கலாம்னு இருபது வருஷமாப் பேசிக்கிட்டிருந்தோம். அவர் முந்திக்கிட்டார். இன்னிக்கு விட்டா இன்னொரு தடவை கிளம்ப என் உடம்புல தெம்பில்ல."

"சட்டம் சட்டம்தாம்மா. ஆளாளுக்கு இப்படி ஏமாத்தினா ரயில் எப்படி ஓடும்?"

சொல்லிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தார். அங்கேயும் ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அடுத்த ஜன்னலோர இருக்கையில் ஒரு பச்சைச் சால்வையைப் போர்த்தி வைத்திருந்தார்.

"டிக்கெட்?"

டிக்கெட்டை நீட்டிய கையைப் பார்த்ததும் கறார் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

அவருடைய அப்பா. சிநேகிதர் வீட்டுக்குப் போவதாகக் காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவரின் அப்பா அம்மாவுக்கு இலவச பாஸ் உண்டு. மகன் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா மூன்று வருஷமாகக் கேட்டாள். "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்றே மூன்று வருஷமும் ஓடிப்போயிற்று. ஏழு மாதத்துக்கு முன்னால் அம்மா கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அப்பா பாஸ் பேச்சையே எடுத்ததில்லை.

இப்போதும் எடுக்கவில்லை. மகனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேர், சார்" என்றார். "ஜன்னலோரம்தான் வேணும்னு சொன்னா. இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துட்டு, இப்பதான் கண்ணசந்தா."

பச்சைச் சால்வை மெல்ல ஏறி இறங்கியது. காற்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் மூடியிருந்தது.

பின்னால் நின்ற அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப நாங்க எல்லாரும் இறங்கணுமா, தம்பி?"

அவர் பேனாவை எடுத்தார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு இரண்டாக டிக் போட்டு முடித்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார். "எங்கம்மா தூங்கறாங்க."