திறக்கக் கூடாத மெயில்

"அந்த மெயிலை முதல்ல திறந்தது யாரு?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே கப்சிப் ஆனது.

காலையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கிளைக்கும் இவர்களுக்கும் ஒரே நெட்வொர்க். அங்கே நுழைந்த கம்ப்யூட்டர் புழு, ஒரு மெயிலில் தொற்றிக்கொண்டு இங்கேயும் வந்து எல்லாவற்றையும் படுக்க வைத்துவிட்டது.

"நான்தான் சார்" என்று எழுந்தாள், கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் மேடம்.

ஒருவருக்கும் நம்ப முடியவில்லை. பென் டிரைவைக் கையில் பார்த்தாலே கடித்துக் குதறுகிறவள். சந்தேகமாக மெயில் வந்தால் தொடாதே என்று வாராவாரம் வகுப்பெடுத்து எல்லோர் உயிரையும் வாங்குகிறவள்.

"அந்த வகுப்பெல்லாம் நமக்கு மட்டும்தான் போல" என்று டைப்பிஸ்ட் முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

மேனேஜர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"மேலிடத்துல காரணம் கேக்கறாங்க. சரியா சொல்லலைன்னா உங்க வேலைக்கே வேட்டு. அது கிடக்கட்டும், உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு, என் போன்ல பாருங்க. 'அன்புள்ள சிடுமூஞ்சி'! யாரும்மா அது, நானா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். இந்தப் புழு அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சுன்னா, அதோட அட்ரஸ் புக்ல இருக்கற எல்லாருக்கும் தானே மெயில் போட்டுடும். நாம எந்தப் பேர்ல பதிஞ்சு வெச்சிருக்கோமோ, அதே பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

"ஓஹோ! அப்ப நீங்க என்னை இப்படித்தான் பதிஞ்சு வெச்சிருக்கீங்க!" கோபத்திலும் மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்க எதுக்கு அதைத் திறந்தீங்க?"



"பக்கத்துக் கிளையில கணக்குப் பாக்கறது எங்க அக்கா சார். அம்மாவை யார் வெச்சுக்கறதுன்னு ஒரு சண்டை. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அம்மாவும் போயாச்சு. இத்தனை வருஷமா ஒரு பேச்சில்லை. மீட்டிங்ல பாத்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவா. இன்னிக்குக் காலையில மெயில்ல அவ பேரைப் பாத்ததும் கை முந்திக்கிச்சு."

மேனேஜரின் குரல் இறங்கியது.

"அதை அனுப்பினது உங்க அக்கா இல்லம்மா, புழு."

"புழுதான் சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா, 'அன்புள்ள அழுமூஞ்சி'ன்னு ஆரம்பிச்சிருந்தது. சின்ன வயசுல அவ மட்டும் என்னைக் கூப்பிடற பேரு. இன்னிவரைக்கும் அதை அழிக்காம வெச்சிருந்தது எங்க அக்காதானே சார்?"