ஒருத்தராவது திட்டணும்

"நான் போடலை. எனக்கு மனசு வரலை," என்றான் உலர்பெக், கையிலிருந்த போர்சோக் ரொட்டியைப் பிய்த்தபடி.

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

பிஷ்கெக்கில் அரசியல் படிக்கும் எங்களுக்குத் தரவுப் பகுப்பாய்வு சொல்லித்தருபவர் சாய்ராகுல் அக்கா. ஒரு தேர்தல் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு முதல் வகுப்பிலேயே சொன்னார்: "எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினா கைதட்டாதீங்க. எவன் பிடிச்சுத் தூக்கிவிட்டான்னு பாருங்க."

நாங்கள் கேட்டோமா? போன வருடம், ஆசிரியருக்கு மாணவர்கள் ரகசியமாகப் போடும் மதிப்பெண்ணில், அத்தனை பேரும் அவருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டோம்.

துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "என்னம்மா, நீயே உக்காந்து போட்டுக்கிட்டியா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, தேநீரைக் கிண்ணம் தளும்ப ஊற்றிக் கொடுத்தாராம். எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்குப் பாதிக் கிண்ணம்தான். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்கலாம். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம்.

இந்த வருடமும் அப்படியே வந்தால் அக்காவின் வேலை போய்விடும்.

ஒருத்தராவது திட்டணும் என்று முடிவு செய்தோம். யாரும் முன்வரவில்லை. தாயக்கட்டை மாதிரி ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டிப் பார்த்தோம். உலர்பெக் மாட்டினான்.

இன்று காலை முடிவு வந்தது. எல்லாம் ஐந்து, ஒன்றே ஒன்று மட்டும் ஒன்று. தலைவர் நம்பிவிட்டார், வேலை தப்பியது. அக்கா குஷியில் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு போர்சோக் பொரித்துப் போட்டார். சாப்பிட்ட வாய் சும்மா இருக்குமா? எங்கள் சதியை உளறிவிட்டோம். அப்போதுதான் உலர்பெக் இந்தக் குண்டைப் போட்டான்.

"அப்போ யாருடா அது? யாருக்கு இவ்ளோ திமிரு?" என்று குதித்தாள் பேகிமாய். போன மாதம் முழுக்க அவளுடைய ஆய்வை அக்கா திருப்பித் திருப்பி எழுதவைத்திருந்தார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "தேடாதீங்க. ரகசிய வாக்குன்னா ரகசியம்தான். நீங்கள்லாம் பேசி வெச்சுக்கிட்டுப் போட்டீங்க. அந்த ஒண்ணுதான் மனசுல இருந்து வந்தது."

தேநீர்க் கெட்டிலை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டே வந்தார்.

பேகிமாயின் கிண்ணத்தை மட்டும் விளிம்பு வரை நிறைத்தார்.

அவள் முகம் குப்பென்று சிவந்தது. கண்ணில் நீர் முட்ட, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்களுக்குப் பாவமாக இருந்தது.

அக்கா அந்தக் கிண்ணத்தை எடுத்தார். பாதியைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவள் முன்னால் வைத்தார்.

"உக்காருடி. போர்சோக் இன்னும் வருது."